புதன்கிழமைச் சட்டை

ஷ்யாமளாவுக்கு முதல் சந்தேகம் வந்தது துணி துவைக்கிற இடத்தில்தான். அமெரிக்காவில், மில்பிடாஸில் அவர்கள் குடியிருந்த அபார்ட்மென்ட்டில் வீட்டுக்கொரு வாஷிங் மெஷின் கிடையாது. கீழே பொதுவாக நான்கு மெஷின்கள் இருக்கும், காசு போட்டால் ஓடும். சனிக்கிழமை காலை அங்கே நின்று கணவன் வாஞ்சிநாதனின் சட்டைகளை ஒவ்வொன்றாக உதறிக்கொண்டிருந்தவள், நீலக் கோடு போட்ட சட்டையில் கை பட்டதும் நிறுத்தினாள். இடது பக்கம், பைக்குச் சற்று மேலே, சீட்டுக்கட்டில் ஒரு சீட்டின் அளவுக்குப் பிசுபிசுவென்று பசை. டிரையரில் இருந்த பஞ்செல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் விழுந்திருந்தது.

அடுத்த வாரம் வெள்ளைச் சட்டையில், அதே இடத்தில் அதே கட்டம். அதற்கடுத்த வாரம் பச்சையில். வாரம் முழுவதற்குமான சட்டைகளை ஞாயிற்றுக்கிழமையே இஸ்திரி போட்டு வரிசையாக மாட்டி வைப்பவள் அவள். எந்தச் சட்டை எந்தக் கிழமைக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். மூன்றும் புதன்கிழமைச் சட்டைகள்.

ஷ்யாமளாவைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கா வருவதற்கு முன் தாம்பரத்தில் ப்ளஸ் டூ பையன்களுக்கு வேதியியல் எடுத்தவள். பரீட்சை அறையில் பிட் அடிக்கிறவனை முதுகைப் பார்த்தே பிடித்துவிடுவாள் என்று பெயர். இங்கே அவள் விசாவில் வேலைக்குப் போக முடியாது. ஆகவே நாற்பது பையன்களைக் காவல் காத்த கண்கள் இரண்டும் இப்போது ஒரே ஒரு ஆள் மேல் இருந்தன. பாவம், வாஞ்சிநாதன்.

அதிலும் அந்த மார்ச் மாதத்துக்குப் பிறகு அவன் ஆளே மாறியிருந்தான். தொண்ணூற்றொன்பது மார்ச். அவன் வேலை பார்த்தது சர்க்யூட் போர்டுகளைச் சோதித்து அனுப்பும் சின்னக் கம்பெனி, எழுபது பேர் இருப்பார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், முந்தின வாரம் வேலையை விட்டு நீக்கப்பட்ட ஒருவன் துப்பாக்கியோடு பின்வாசல் வழியாக உள்ளே வந்தான். பத்து நிமிஷத்தில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். ஒருவர் ஷிஃப்ட் மேற்பார்வையாளர். இன்னொருவன் கந்தசாமி.

கந்தசாமி பெருந்துறைக்காரன். ஆபீசில் வாஞ்சிநாதனுக்கு அடுத்த மேஜை, அபார்ட்மென்ட்டில் அடுத்த பிளாக். இருவரும் ஒரே காரில்தான் வேலைக்குப் போய் வருவார்கள். கந்தசாமியின் மனைவி பவளமும் ஆறு வயது மகன் மகிழனும் இன்னும் அந்த வீட்டிலேயே இருந்தார்கள். பையனின் பள்ளிக்கூட வருஷம் முடிந்ததும் ஊருக்குத் திரும்புவதாக ஏற்பாடு. ஜூன் இருபதுக்கு டிக்கெட் போட்டாயிற்று.

பவளம் அழுது யாரும் அதிகம் பார்க்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் அவளை விடவில்லை. கம்பெனி ஆட்கள் வந்தபோது கேட்டாள், போலீஸ்காரரிடம் கேட்டாள், வாஞ்சிநாதனிடம் நான்கு தடவையாவது கேட்டிருப்பாள்.

"அண்ணா, கடைசியா அவரு ஏதாச்சும் சொன்னாருங்களா? நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"இல்ல பவளம். சத்தம் கேட்டதும் நான் ஸ்டோர் ரூமுக்குள்ள போயிட்டேன். எதையும் பாக்கல." ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தைகள், அதே வரிசையில். பாடம் ஒப்பிக்கிறவனை ஷ்யாமளாவுக்குத் தெரியாதா? ஆனால் அப்போது அவளுக்கு அது உறைக்கவில்லை. பயந்துபோயிருக்கிறான் என்று விட்டுவிட்டாள்.

வீட்டில் வேறு கூத்து நடந்தது. எந்தக் கதவையும் சாத்தக் கூடாது. குளிக்கும்போதுகூட பாத்ரூம் கதவு திறந்தே கிடக்கும். வாசலில் யாராவது தட்டினால் போய்த் திறக்க மாட்டான், சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பான். கதவைத் திறந்தால் யார் நிற்பார்கள் என்று பயப்படுகிறான்? ஷ்யாமளா இதை மனதில் ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொண்டாள்.

சம்பவம் நடந்து பத்து நாளில் மாவட்ட நிர்வாகத்தின் கவுன்ட்டி ஆபீசிலிருந்து ஒரு அம்மாள் வீட்டுக்கு வந்திருந்தாள். வன்முறையில் மாட்டி மீண்டவர்களுக்குக் கவுன்சலிங் உண்டு, குழுவாக உட்கார்ந்து பேசலாம், எல்லாம் இலவசம் என்றாள். இலவசம் என்றதுமே ஷ்யாமளாவுக்குப் பொறி தட்டியது. அந்த அம்மாளுக்கு நல்ல டீ போட்டுக் கொடுத்து, இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று இங்கிலீஷில் சொல்லி, அவள் கொடுத்த புத்தகத்தை வாங்கி அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டாள். அந்த அம்மாள் பேசும்போது பேனாவை எடுத்ததைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கணவனை உட்கார வைத்துப் பேசினாள்.

"இங்க பாருங்க. ஜூலைல கிரீன் கார்டு மெடிக்கல். அந்த ஃபார்ம்ல மன வியாதி உண்டான்னு கேள்வியே இருக்கு. கவுன்சலிங்னு போனா உங்க பேர்ல ஃபைல் ஓப்பன் பண்ணுவாங்க. ஏழு வருஷம் வெயிட் பண்ணது அவ்வளவுதான். ராமசுப்ரமணியன் அங்கிள் சொன்னார், ஃப்ரீமான்ட்ல ஒருத்தருக்கு தூக்க மாத்திரை சாப்பிட்டதுக்கே நிறுத்தி வெச்சுட்டாங்களாம்."

ஃப்ரீமான்ட்காரரை ராமசுப்ரமணியன் அங்கிளும் பார்த்ததில்லை, அவருக்குச் சொன்னவரும் பார்த்ததில்லை. ஆனாலும் கோயில் பார்க்கிங் லாட்டில் அவருக்கு இருந்த செல்வாக்கு வேறு யாருக்கும் கிடையாது.

"நான் நல்லாத்தான் இருக்கேன், ஷ்யாமா," என்றான் வாஞ்சிநாதன்.

"அது போதும். யார் கேட்டாலும் அதையே சொல்லுங்க."

பவளத்துக்கும் அதே உபதேசம் நடந்தது. உன் விசாவே தொங்கிக்கிட்டிருக்கு, எதிலயும் கையெழுத்துப் போட்டுடாதே என்றாள். பவளம், "சரிங்க்கா," என்று கேட்டுக்கொண்டாள்.

இதெல்லாம் ஏப்ரல். மே மாதத்தில் பசைக் கட்டம் ஆரம்பித்தது. புதன்கிழமைகளில் டெஸ்டிங் இழுத்துவிடுகிறது என்று எட்டு மணிக்கு வருவான். வந்ததும் சாப்பிட்டுவிட்டு அசந்து தூங்குவான். மற்ற நாட்களில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறவன் புதன்கிழமை மட்டும் தூங்குகிறான். எந்தப் பெண்டாட்டிதான் சந்தேகப்பட மாட்டாள்? ஒரு புதன்கிழமை ஐந்தரைக்கு ஆபீசுக்கு ஃபோன் போட்டாள். டெலிஃபோன் போர்டில் இருந்த பெண், வாஞ்சி ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டாரே என்றாள். ஷ்யாமளா நன்றி சொல்லி ஃபோனை வைத்துவிட்டு அடுப்பில் சாம்பார் தீய்ந்துபோகும்வரை அங்கேயே நின்றாள்.

பொம்பளை விவகாரம்தான் என்று முடிவு கட்டியிருந்தவளை ஜூன் முதல் சனிக்கிழமை குழப்பிவிட்டது. டிரையரிலிருந்து எடுத்த சாக்ஸுக்குள் ஒரு ஸ்டிக்கர் சுருண்டு கிடந்தது. கூட்டங்களில் பெயர் எழுதிச் சட்டையில் ஒட்டிக்கொள்வார்களே, அந்த மாதிரி சிவப்புக் கரை போட்டது. பாதி மை கரைந்துவிட்டது. ஆனாலும் எழுத்துத் தெரிந்தது. வாஞ்சிநாதனின் கையெழுத்து, பெரிய இங்கிலீஷ் எழுத்துகளில்: கந்தசாமி.

செத்துப்போனவன் பெயரை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு இவன் எங்கே போய் வருகிறான்? அந்தப் பெயரில் வேறு வேலைக்கு முயற்சி செய்கிறானா? கந்தசாமியின் காகிதங்கள் ஏதாவது இவன் கையில் இருக்கின்றனவா? போலீஸுக்குத் தெரிந்தால் கிரீன் கார்டு போகட்டும், ஜெயில் அல்லவா? நேராகக் கேட்டுவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தாள். கேட்டால் பொய் சொல்வான், பொய் சொல்கிற முகத்தை அவள் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு அவளிடம் தெம்பு இல்லை. கையும் களவுமாகப் பிடிப்பது என்று தீர்மானித்தாள்.

பிடிக்கலாம், ஆனால் போவது எப்படி? டிரைவிங் டெஸ்ட்டில் மூன்று முறை தோற்றவள் ஷ்யாமளா. அவளுக்குத் தெரிந்து, பகலில் கையில் கார் இருந்து, கேள்வி கேட்காமல் வருகிற ஒரே பெண் பவளம்தான். கந்தசாமி சிரத்தையாகக் கற்றுக்கொடுத்து அவளை ஃப்ரீவேயிலெல்லாம் ஓட்ட வைத்திருந்தான். அவனுடைய காரை அவள் இன்னும் விற்கவில்லை.

இது சரியில்லை என்று ஷ்யாமளாவுக்கே தெரியும். எவளுடைய புருஷன் பெயர் அந்த ஸ்டிக்கரில் இருக்கிறதோ, அவளையே காரோட்டச் சொல்வது. ஆனால் சந்தேகம் தலைக்கு ஏறியவளுக்கு நியாயம் எங்கே கண்ணில் படும்?

"பவளம், புதன்கிழமை நாலரைக்கு என்னை ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போறியா? எங்கேன்னு கேக்காதே."

"போலாமுங்க்கா. மகிழன சாந்தி வீட்டு டேகேர்ல விட்டுக்கிறேன்."

புதன்கிழமை அவள் வழி சொல்லச் சொல்ல பவளம் ஓட்டினாள். கம்பெனி இருக்கும் தெருவுக்குள் திரும்பும்போதுதான் ஷ்யாமளாவுக்கு உறைத்தது. பவளத்தின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன.

"இந்த ரோட்டுக்கு வந்து மூணு மாசமாச்சுங்க்கா," என்றாள், அவ்வளவுதான்.

ஷ்யாமளாவுக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. திரும்பிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் எதிரே கேட்டைத் தாண்டி அவர்களுடைய பழுப்பு நிற டொயோட்டா வெளியே வந்தது.

"அந்தக் கார் பின்னாடி போ."

பவளம் ஒரு தடவை அவளைத் திரும்பிப் பார்த்தாள். "ஏனுங்க்கா, அது உங்க வண்டிதானுங்களே?"

"ஆமா."

பவளம் இரண்டு வண்டிகளை நடுவில் விட்டு, ஃப்ரீவேயில் தெற்கே பதினைந்து நிமிஷம் பதவிசாகப் பின்தொடர்ந்தாள். கைப்பையில் அந்த ஸ்டிக்கர் இருந்தது. ஷ்யாமளா பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டிருந்தாள்.

சான் ஹோசேயில் ஒரு நூலகத்தின் பின்புறம், ஒற்றை மாடிக் கட்டடத்தின் முன்னால் டொயோட்டா நின்றது. வாஞ்சிநாதன் இறங்கினான். வாசலில் மஞ்சள் கவுன் போட்ட ஒரு பெண் அவன் தோளைத் தொட்டுப் பேசினாள். இவள்தானா என்று ஷ்யாமளா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு அறுபது வயதாவது இருக்கும், கையில் ஊன்றுகோல். பின்னாலேயே கழுத்தில் தழும்புள்ள ஒரு வாலிபன் போனான். அப்புறம் ஒரு வியட்நாமியக் கிழவர், காக்கிச் சட்டை போட்ட பஸ் டிரைவர் ஒருவர். எல்லோரும் உள்ளே போனார்கள்.

ஐந்து நிமிஷம் பொறுத்து இவர்கள் இருவரும் போனார்கள். நடையில் ஒரு மேஜை. அதன் மேல் பெயர் எழுதும் தாளும் பேனாவும் ஸ்டிக்கர் கட்டும். பின்னால் செந்தாடி வைத்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். வாருங்கள், புதியவர்களா, இங்கே சொந்தப் பெயர்தான் எழுத வேண்டும் என்றில்லை, எந்தப் பெயர் வேண்டுமானாலும் எழுதலாம், உள்ளே பேசுவது வெளியே போகாது என்று நிதானமாகச் சொன்னார். இது என்ன கூட்டம் என்று ஷ்யாமளா கேட்டாள். துப்பாக்கிச் சூடு, கொள்ளை, அடிதடி இதிலெல்லாம் மாட்டிப் பிழைத்தவர்கள் வாராவாரம் கூடிப் பேசுவது என்றார். இருங்கள், இன்னும் இரண்டு நாற்காலி கொண்டு வருகிறேன் என்று எழுந்து போனார்.

ஷ்யாமளா தாளைப் பார்த்தாள். நான்காவது வரியில் கந்தசாமி என்று இருந்தது. சட்டென்று கைப்பையை அதன் மேல் வைத்தாள்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. அந்தக் கவுன்ட்டி அம்மாள் சொன்ன கவுன்சலிங்தானா? இதற்குத்தானா ஒளிந்துகொண்டு வந்தான்? ஃபைலில் பெயர் விழுந்துவிடும் என்று அவள் போட்ட கூச்சலுக்குப் பயந்து சொந்தப் பெயரை விட்டுவிட்டு, வாயில் வந்த பெயரை எழுதியிருக்கிறான். அவளுக்கு முதலில் சிரிப்புகூட வந்தது. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிற்று. அந்த நிம்மதி அரை நிமிஷம் நீடித்தது.

அறைக் கதவு மூடியிருந்தது. சன்னமான பலகைக் கதவு. வாஞ்சிநாதன் அதை ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும், அவன் குரல் பக்கத்தில் கேட்டது. சொல்லுங்கள் கந்தசாமி என்று யாரோ சொன்னார்கள். அவன் இங்கிலீஷில், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்துப் பேசினான். போன வாரம் பாதியில் நிறுத்திவிட்டேன், இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்றான். நான் ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அந்தக் கதவுக்குப் பூட்டுக் கிடையாது. கைப்பிடியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அப்போது வெளியே தட்டினார்கள். தட்டுவது யாரென்று எனக்குத் தெரியும். திறந்தால் துப்பாக்கிக்காரன் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிடுவான் என்று நினைத்தேன். நான் திறக்கவில்லை.

சாத்தாத கதவுகள், குழாய்ச் சத்தம், கூரையைப் பார்த்துக் கிடந்த ராத்திரிகள் எல்லாம் ஒன்றாக வந்து ஷ்யாமளாவின் மேல் விழுந்தன. இதை வைத்துக்கொண்டா மூன்று மாதம் அவள் பக்கத்தில் படுத்திருந்தான்? முகம் தெரியாதவர்களிடம் சொல்ல முடிந்ததை அவளிடம் சொல்லவில்லை. நல்லாயிருக்கேன் என்பதைத் தவிர வேறு எதையும் சொல்லக் கூடாது என்று அவள்தானே வாயை அடைத்திருந்தாள்?

"என்னங்க்கா சொல்றாரு அண்ணா?" பவளம் கிசுகிசுத்தாள். நேரில் நிறுத்தி நிறுத்திப் பேசினால் அவளுக்கு இங்கிலீஷ் புரியும். கதவுக்குப் பின்னாலிருந்து வருவது பிடிபடவில்லை. "எங்க வீட்டுக்காரரு பேரச் சொன்ன மாதிரி இருந்துச்சுங்க."

ஷ்யாமளா அவளைப் பார்த்தாள். இன்னும் பதினோரு நாளில் இவள் விமானம் ஏறிவிடுவாள். இவளுக்குத் தெரியாமலே போய்விடும். வாஞ்சிநாதனை யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல பவளம். ஆபீஸ் ட்ரெய்னிங். நான்தான் தப்பா நெனச்சுட்டேன். வா, போயிடலாம்." அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

பவளம் இரண்டு எட்டு வைத்தாள். உள்ளே யாரோ ஒரு கேள்வி கேட்டார்கள். தட்டியவர் ஏதாவது சொன்னாரா? அதை இங்கிலீஷில் சொல்ல எனக்குத் தெரியவில்லை என்றான் வாஞ்சிநாதன். பிறகு தமிழில், தன்னுடையதல்லாத ஒரு பேச்சில் சொன்னான்.

"வாஞ்சி, நாந்தானுங்க. கதவத் தொறங்க."

பவளம் நின்றுவிட்டாள். அவள் கை ஷ்யாமளாவின் பிடியிலிருந்து நழுவியது. பெருந்துறைப் பேச்சு, அவள் வீட்டுப் பேச்சு. தினம் சாயங்காலம் வாசலில் நின்று அவள் புருஷன் சொன்ன அதே வார்த்தை.

அவள் திரும்பி வந்து மேஜையருகில் நின்றாள். கைப்பையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு நான்காவது வரியைப் படித்தாள்.

"ட்ரெய்னிங்னு சொன்னீங்களேக்கா," என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ஷ்யாமளாவுக்குத் தேவலை என்றிருக்கும்.

பிறகு பவளம் போய்க் கதவைத் தட்டினாள்.

உள்ளே பேச்சு நின்றது. கதவு தட்டும் சத்தத்துக்குப் பயப்படுகிறவர்கள் நிறைந்த அறை அது. நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது, யாரோ மூச்சை இழுத்தார்கள். ஷ்யாமளா குழாய்ச் சத்தத்துக்காகக் காத்திருப்பவள் போல நின்றாள். பவளம் இரண்டாம் முறை தட்டினாள். கைப்பிடி திரும்பியது.

வாஞ்சிநாதன்தான் திறந்தான். அவன் நெஞ்சில், புதன்கிழமைச் சட்டையில், கந்தசாமி என்ற பெயர் ஒட்டியிருந்தது. பவளத்தைப் பார்த்ததும் அவன் கை அதை மறைக்கப் போய்ப் பாதியில் நின்றது. அறையப்போகிறாள் என்று ஷ்யாமளா நினைத்தாள். அறைந்தால் வாங்கிக்கொள்ளட்டும் என்றும் நினைத்தாள்.

"எத்தன வாட்டி தட்டுனாருங்க?" என்று கேட்டாள் பவளம்.

"நாலு."

"நாலு," என்றாள் அவளும். "வேற என்ன சொன்னாரு?"

"பவளம், என்னை..."

"அது அப்புறமுங்கண்ணா. உங்க மேல எனக்கு என்ன இருக்குதுன்னு எனக்கே இன்னும் தெரியல. மொதல்லருந்து சொல்லுங்க. எனக்குப் புரியற மாதிரி தமிழ்ல சொல்லுங்க."

அவள் உள்ளே போனாள். மஞ்சள் கவுன் அம்மாள் ஊன்றுகோலை நகர்த்தி இடம் விட்டாள். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். வாஞ்சிநாதன் நாற்காலியைப் பவளத்துக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு, அன்று காலை காரில் கந்தசாமி என்ன பேசிக்கொண்டு வந்தான் என்பதிலிருந்து ஆரம்பித்தான். கதவைச் சாத்த அவன் திரும்பவில்லை.

ஷ்யாமளா வெளியே தனியாக நின்றாள். உள்ளே போக அவளுக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. செந்தாடிக்காரர் நாற்காலிகளோடு வந்து, ஒன்றும் கேட்காமல் தாளையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினார். எந்தப் பெயர் வேண்டுமானாலும் எழுதலாம் என்று மறுபடி நினைவுபடுத்தினார்.

நான்காவது வரியை அடித்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். பவளம் படித்துவிட்டுப் போன பெயர் அது. அதை அப்படியே விட்டுவிட்டு, கடைசி வரிக்குக் கீழே ஷ்யாமளா வாஞ்சிநாதன் என்று பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி ஒரு எழுத்து விடாமல் எழுதினாள். பிறகு அதே பெயரை ஸ்டிக்கரிலும் எழுதி, நெஞ்சில் ஒட்டிக்கொண்டு உள்ளே போனாள்.